வலியின் இருப்பிடம்: நாட்பட்ட முதுகுவலியும் மூளையும் பற்றிய கருத்தாக்க வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

முதுகெலும்பின் பழுதாக மட்டுமே எண்ணப்பட்டுவந்த நீண்டகால முதுகுவலி, மூளையின் அமைப்போடும் செயல்பாட்டோடும் பிணைந்த ஒரு நிலையாக எவ்வாறு அறியப்படலாயிற்று என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1866ஆம் ஆண்டின் தொடர்வண்டி விபத்து வழக்குகளில் தொடங்கி, அண்மைக்கால மூளைப் படிம ஆய்வுகள் வரையில் இவ்வாய்வு செல்கிறது. நாட்பட்ட வலி மூளையைச் சுருக்குகிறது என்று பரவலாக வழங்கும் கூற்றுக்கு அடிப்படையான 2004ஆம் ஆண்டு ஆய்வும் அதன்மீது எழுந்த வினாக்களும் தனிக்கவனம் பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: முதுகுவலி, நாட்பட்ட வலி, மூளைப் புறணி, சாம்பல்நிறப் பொருள், வலிக் கோட்பாடுகள், மருத்துவ வரலாறு

தொடர்வண்டியும் முதுகெலும்பும்

முதுகில் புலப்படும் காயம் ஏதுமின்றி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அதை ஏற்பதா, மறுப்பதா என்னும் வினா முதலில் கூர்மை பெற்ற இடம் மருத்துவமனை அன்று, நீதிமன்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தொடர்வண்டி விபத்துகள் பெருகின. எலும்பு முறியாமலும் குருதி சிந்தாமலும் எழுந்து நடந்து வீடு சேர்ந்த பயணியர் சிலர், நாள்கள் சென்றபின் முதுகுவலி, உறக்கமின்மை, நினைவுத் தடுமாற்றம், கைகால் தளர்ச்சி ஆகியவற்றைக் கூறி இழப்பீடு கோரினர். லண்டன் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் இத்தகையோரைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். விபத்தின் அதிர்ச்சி தண்டுவடத்தைத் தாக்கி, அங்கே மெல்லமெல்ல அழற்சியைத் தோற்றுவிக்கிறது என்பது அவர் கருத்து. இந்நோய்க்கு ‘தொடர்வண்டி முதுகெலும்பு’ என்னும் பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது.

இதற்கு மறுப்பு 1883இல் வந்தது. எழுதியவர் ஹெர்பர்ட் பேஜ். லண்டன் வடமேற்குத் தொடர்வண்டி நிறுவனத்தின் அறுவை மருத்துவராக அவர் பணியாற்றினார் என்பதை மறவாமல் அவர் நூலைப் படிக்கவேண்டும். தண்டுவடத்தில் அழற்சி இருந்ததற்குச் சான்று இல்லை. அச்சமும் நரம்பதிர்ச்சியுமே இத்துன்பங்களுக்குக் காரணம் என்று அவர் வாதிட்டார். இருவருள் உடற்கூற்று நிலையில் பேஜின் கருத்தே உண்மைக்கு நெருங்கியது. ஆயினும் அது இயற்றிய விளைவு வேறு. தண்டுவடத்தில் பழுது இல்லையெனில் வலியும் உண்மையன்று என்று வழக்காடுவோர் பொருள்கொள்ள அது வழிவகுத்தது. பழுது உண்டு, ஆகவே வலி உண்டு. பழுது இல்லை, ஆகவே வலி இல்லை என்னும் இந்த எளிய வாய்பாடு அடுத்த நூறாண்டுகளுக்கு முதுகுவலியாளரைத் தொடர்ந்துவந்தது.

மணிக்கயிறு

இவ்வாய்பாட்டின் மூலவர் என்று வலி பற்றிய பாடநூல்கள் பொதுவாகச் சுட்டுவது பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட்டை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1662இல், வெளிவந்த மனிதனைப் பற்றிய நூலில் ஒரு படம் உண்டு. தீயருகே கால் வைத்த சிறுவன். காலிலிருந்து மூளைக்குச் செல்லும் ஓர் இழை. கயிற்றின் ஒரு முனையை இழுத்தவுடன் மறுமுனையில் மணி ஒலிப்பதுபோலத் தீயின் தாக்குதல் மூளையை எட்டுகிறது என்பது விளக்கம். இப்படத்தை மட்டும் கொண்டு டேக்கார்ட்டைக் குறைகூறுவது முறையாகாது. 1644இல் வெளிவந்த மெய்யியல் நூலிலேயே, கை அகற்றப்பட்டதை அறியாத ஒரு பெண் இல்லாத விரல்களில் வலி உணர்ந்த செய்தியை அவர் எடுத்துக்காட்டி, வலியுணர்வு நிகழுமிடம் கை அன்று என்று நிறுவ முயன்றார். பின்வந்தோர் மணிக்கயிற்றை எடுத்துக்கொண்டனர், அப்பெண்ணை விட்டுவிட்டனர்.

மூளையின் எப்பகுதி வலியை உணர்கிறது என்னும் தேடலும் நெடுங்காலம் தெளிவு பெறவில்லை. 1911இல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் ஆகிய இங்கிலாந்து நரம்பியலாளர் இருவர் மூளைச் சிதைவுற்றோரை ஆராய்ந்து, வலியுணர்வில் மூளைப் புறணிக்குப் பெரும்பங்கு இல்லை, அதன் அடியிலுள்ள தலாமசுக்கே முதன்மை என்று கூறினர். 1937இல் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் விழித்திருக்கும் நோயாளரின் புறணியை மின்னூட்டித் தூண்டியபோது, மரமரப்பும் அசைவும் தோன்றினவே அன்றி வலி மிக அரிதாகவே தோன்றியது. வலிக்கும் புறணிக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் இதனால் மேலும் உறுதிப்பட்டது. மூளையில் வலிக்கு இடம் இல்லை என்றால், முதுகுவலிக்குக் காரணத்தை முதுகிலன்றி வேறெங்கே தேடுவது?

இடைவட்டின் காலம்

தேடியது கிடைத்துவிட்டதாகத் தோன்றிய ஆண்டு 1934. பாஸ்டன் நகரின் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்குப் பரவும் வலிக்குக் காரணம் என்று காட்டினர். அதுவரை கட்டி என்று கருதி வெட்டியெடுக்கப்பட்டவை பல உண்மையில் வட்டின் சிதறல்களே என்பதும் தெளிவாயிற்று. இது மெய்யான கண்டுபிடிப்பு; நரம்பழுத்தத்தால் துன்புற்றோர் பலர் இதனால் நலம்பெற்றனர். ஆனால், காலுக்குப் பரவும் வலிக்குப் பொருந்திய விளக்கம் எல்லா முதுகுவலிக்கும் உரியதாக விரிந்தது. அறுவைகள் பெருகின, அறுவைக்குப் பின்னும் நீங்காத வலியுடையோர் என்னும் புதியதொரு நோயாளர் வகுப்பும் தோன்றியது.

எம்.ஆர்.ஐ. கருவி வந்தபின் இவ்விளக்கம் மேலும் உறுதிப்படும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. நிகழ்ந்தது மாறானது. மோரீன் ஜென்சனும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரின் கீழ்முதுகைப் படமெடுத்தனர். எல்லா வட்டுகளும் இயல்பாக இருந்தோர் 36 விழுக்காட்டினர் மட்டுமே. 52 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலேனும் வட்டு உப்பியிருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியிருந்தது. 2015இல் வலியற்ற 3,110 பேரின் படங்களைத் தொகுத்தாய்ந்த ஆய்வு, வட்டுத் தேய்வு இருபது அகவையினரில் 37 விழுக்காட்டினரிடமும் எண்பது அகவையினரில் 96 விழுக்காட்டினரிடமும் காணப்படுவதாகக் கணக்கிட்டது. தலைநரை போல வட்டுத் தேய்வும் பெரும்பாலும் அகவையின் அடையாளம் என்பதே இதன் பொருள். பழுது உண்டு, வலி இல்லை. எரிக்சன் காலத்து வாய்பாட்டின் ஒரு பாதி இங்கே உடைந்தது.

வாயிற்கோட்பாடு

மறுபாதி வேறிடத்தில், முன்னரே தளரத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் அன்சியோ முனையில் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வலிநீக்கி வேண்டும் என்று கேட்கவில்லை என 1946இல் எழுதினார். காயத்தின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் நேர்விகிதத் தொடர்பு இல்லை. இதற்கு நேரெதிரான பட்டறிவும் போர்களிலிருந்தே வந்தது. காயம் ஆறியபின்னும் தணியாத எரிவலியை அமெரிக்க உள்நாட்டுப் போரில் வேயர் மிட்செல் விவரித்திருந்தார். முதல் உலகப்போர்க் காயங்களில் பழகிய ரெனே லெரீஷ், நோயின் அறிகுறியாக வரும் வலி வேறு, தானே நோயாகிவிட்ட வலி வேறு என்று 1937இல் பிரித்துக்காட்டினார். நாட்பட்ட வலி பற்றிய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் இப்பிரிப்பு வித்து எனலாம்.

1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட வாயிற்கோட்பாடு இக்கூறுகளுக்கு ஓர் உடலியங்கியல் வடிவம் தந்தது. தண்டுவடத்தின் பின்கொம்பில் ஒரு வாயில் உண்டு. உடலிலிருந்து மேலேறும் செய்தி அங்கே கூட்டவோ குறைக்கவோ படுகிறது. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளையும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லது. கோட்பாட்டின் நரம்பிணைப்பு விவரங்கள் பல பின்னர்ப் பிழையென அறியப்பட்டன. எனினும், மூளை செய்தியைப் பெறும் இடம் மட்டுமன்று, அதை ஆக்குவதிலும் பங்குடையது என்னும் கருத்து நிலைபெற்றது. 1968இல் மெல்சாக்கும் கென்னத் கேசியும் வலியின் புலனுணர்வுக் கூறு, துயருணர்வுக் கூறு, மதிப்பீட்டுக் கூறு என மூன்றைப் பகுத்தனர். ‘நோய்’ என்னும் ஒரே சொல்லால் உடற்பிணியையும் காமத்துயரையும் குறித்த தமிழ் மரபில் பயின்றோர்க்கு முதலிரு கூறுகளின் உறவு வியப்பளிக்காது.

1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப், காயத்திலிருந்து வரும் தொடர்ந்த தூண்டல் தண்டுவட நரம்பணுக்களையே கூருணர்வுடையனவாக்கிவிடுகிறது என்பதை எலிகளில் காட்டினார். நரம்பு மண்டலம் வலியைக் கற்றுக்கொள்கிறது என்று இதை எளிமையாகக் கூறலாம். முதுகுவலியை முன்னிறுத்தி இம்மாற்றத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்து எலும்பியல் அறுவை மருத்துவர் கார்டன் வாடல். எலும்பை மட்டும் நோக்காது உடல், உளம், சமூகம் மூன்றையும் சேர்த்து நோக்கும் முறையை 1987இல் அவர் வலியுறுத்தினார். நீண்ட படுக்கை ஓய்வு நன்மையைவிடத் தீங்கே செய்கிறது என்று எச்சரித்தார்.

மூளையின் வரைபடம்

1991இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் பெட் ஸ்கேன் கருவியின் துணையால், கையில் சூடு பட்டபோது மூளைப் புறணியின் பல பகுதிகள் ஒருங்கே செயற்படுவதைப் படம்பிடித்தனர். புறணிக்கு வலியில் பங்கில்லை என்ற எண்ணம் இத்துடன் முடிந்தது. ஆயினும் இவ்வாய்வுகள் நலமுள்ள தன்னார்வலர்க்குச் சில நொடிகள் ஊட்டிய சூட்டைப் பற்றியவை. பத்தாண்டு முதுகுவலி அத்தகைய சூட்டின் நீட்சியா, வேறொன்றா என்பதை அவற்றால் கூற இயலவில்லை.

இவ்வினாவுக்கான வழி இல்லாத உறுப்பின் வலியிலிருந்து திறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்தோரின் முகத்தைத் தொட்டபோது அவர்கள் இல்லாத கையில் தொடுகையை உணர்வதைக் கண்டு, புறணியின் உடல்வரைபடம் மாறக்கூடியது என்று 1992இல் விளக்கினார். 1995இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்த்தா ஃப்ளோரும் குழுவினரும், இவ்வரைபட மாற்றம் மிகுந்தவரிடம் இல்லாத உறுப்பின் வலியும் மிகுந்திருப்பதாகக் காட்டினர். அதே முறையை அக்குழு 1997இல் முதுகுவலியாளரிடம் பயன்படுத்தியது. நாட்பட்ட முதுகுவலியாளரின் முதுகைத் தூண்டியபோது புறணியில் எழுந்த மறுவினை மிகுதியாக இருந்தது. முதுகுக்குரிய இடம் காலுக்குரிய பகுதியை நோக்கி நகர்ந்திருந்தது. நாட்பட்ட முதுகுவலி மூளையில் தடம் பதிக்கிறது என்பதற்கு இது தொடக்கச் சான்றுகளுள் ஒன்று. ஆனால், 2013இல் டமார் மேக்கின் குழுவினர் கையிழந்தோரிடம் பழைய கைப்பகுதி பெரிதும் காக்கப்பட்டே உள்ளது என்று காட்டியதனால், வரைபட மாற்றமே வலிக்குக் காரணம் என்னும் விளக்கம் இன்று கேள்விக்குரியதாகிவிட்டது.

2004ஆம் ஆண்டு ஆய்வு

சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வானியா அப்கேரியனும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படுவது. ஓராண்டுக்கு மேலாக முதுகுவலியுற்ற 26 பேரின் மூளைகளை, அகவையும் பாலும் ஒத்த நலமுள்ளோர் மூளைகளோடு அவர்கள் ஒப்பிட்டனர். வலியாளரின் புறணியில் சாம்பல்நிறப் பொருள் 5 முதல் 11 விழுக்காடு குறைந்திருந்தது. இயல்பாக மூப்படையும்போது 10 முதல் 20 ஆண்டுகளில் ஏற்படும் இழப்புக்கு இது இணையானது. வலி நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.3 கன சென்டிமீட்டர் இழப்பு என்றும் கணக்கிட்டனர். திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்தலைப் புறணியின் மேற்பக்கப் பகுதியிலும், வலது தலாமசிலும் குறைவு தெளிவாக இருந்தது. அதே ஆண்டில் இக்குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சீட்டுகளைத் தேர்ந்து பொருளீட்டும் சோதனையில் வலியாளர்கள் நலமுள்ளோரைவிடப் பிழையான தேர்வுகளை மிகுதியாகச் செய்தனர். கவனக்குறைவு, முடிவெடுக்கத் தயக்கம் என்று நோயாளர் கூறிவந்தவை வெறும் சலிப்பு அல்ல என்பதற்கு இது துணைநின்றது.

இவ்வெண்களே, வலி மூளையைத் தின்கிறது என்னும் அச்சமூட்டும் சொற்களாக வெகுமக்கள் ஊடகங்களில் பரவின. மூல ஆய்வைக் கூர்ந்து நோக்குவோர் இரண்டைக் காண்பர். ஒன்று, ஆண்டுக்கு 1.3 கன சென்டிமீட்டர் என்பது ஒரே மனிதரை ஆண்டுதோறும் அளந்து பெற்றதன்று. வெவ்வேறு கால அளவு வலியுற்ற வெவ்வேறு மனிதரை ஒரே நேரத்தில் ஒப்பிட்டு வருவித்தது. இரண்டு, படிமத்தில் தெரியும் சாம்பல்நிறப் பொருளின் குறைவு நரம்பணுக்களின் இறப்பு ஆகாது. அணுக்களின் கிளைகள், இணைப்புகள், துணையணுக்கள், குருதியோட்டம், நீரளவு ஆகிய எதில் மாற்றம் நேரினும் படிமம் மாறும். அதே 2004இல் ஜெர்மனியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல விளக்கம்: பந்துகளை மாற்றிமாற்றி எறிந்து பிடிக்க மூன்று மாதம் பழகியோரின் மூளையில் சாம்பல்நிறப் பொருள் கூடியது, பழக்கத்தை நிறுத்தியபின் குறைந்தது. குறைந்தபோது அவர்கள் மூளை அழிந்தது என்று எவரும் கூறவில்லை.

பிற ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2006இல் டோபியாஸ் ஷ்மிட்-வில்க்கே குழுவினர் முதுகுவலியாளரிடம் மூளைத் தண்டிலும் உடலுணர்வுப் புறணியிலும் குறைவு கண்டனர். ஆனால், இடது தலாமசில் கூடுதல் கண்டனர். சிறிய குழுக்கள், மாறுபட்ட கணிப்பு முறைகள், மருந்துகளின் தாக்கம், உடனிருக்கும் மனச்சோர்வு, உடலியக்கக் குறைவு ஆகிய யாவும் இம்முரண்பாட்டில் பங்குடையன.

எது முன், எது பின்

வலியால் மூளை மாறுகிறதா, மாறுபட்ட மூளையுடையோர்க்கு வலி நிலைக்கிறதா? ஒரே நேரத்து ஒப்பீடு இதற்கு விடை தராது. வலி நீங்கியபின் மூளையை மீண்டும் நோக்குவது ஒரு வழி. 2009இல் ஆர்னே மே குழுவினர் இடுப்பு மூட்டுத் தேய்வினால் வலியுற்றோரை அவ்வாறு ஆராய்ந்தனர். மூட்டு மாற்றப்பட்டு வலி தீர்ந்தபின் சாம்பல்நிறப் பொருள் மீண்டது. 2011இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் டேவிட் செமினோவிச் முதலானோர் முதுகுவலியாளரையே பண்டுவத்துக்கு முன்னும் ஆறு மாதங்களுக்குப் பின்னும் படமெடுத்தனர். அறுவையாலோ முதுகெலும்பு மூட்டில் இட்ட ஊசியாலோ வலி தணிந்தோரிடம் இடது முன்தலைப் புறணி தடித்தது. சிந்தனைச் சோதனையின்போது அதன் செயற்பாடும் இயல்புக்குத் திரும்பியது. முன் 18 பேரும் பின் 14 பேருமே கொண்ட சிறிய ஆய்வு இது. எனினும், நோயாளரிடம் மூளைச் சுருக்கம் பற்றிப் பேசும் மருத்துவர் எவரும் இம்மீட்சியைக் கூறாமல் விடுவது அறமாகாது.

மற்றொரு வழி, வலி தொடங்கிய நிலையிலிருந்தே பின்தொடர்வது. அப்கேரியன் ஆய்வகத்தில் மர்வான் பாலிக்கி தலைமையில் இது நிகழ்ந்தது. முதுகுவலி தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், முன்தலைப் புறணியின் நடுப்பகுதிக்கும், வெகுமதியை மதிப்பிட்டுக் கற்கும் அக்கும்பென்ஸ் உட்கருவுக்கும் இடையிலான இணைச்செயல்பாடு தொடக்கத்திலேயே மிகுந்திருந்தோர்க்கு வலி நிலைத்தது, ஏனையோர்க்குத் தீர்ந்தது. வலி நிலைத்தோரிடம் ஓராண்டுக்குள் சாம்பல்நிறப் பொருளும் குறைந்தது. மூளையின் வெண்பொருள் அமைப்பிலும் அவ்விரு குழுவினரிடையே தொடக்கத்திலேயே வேறுபாடு உண்டு என்று 2013இல் அறியப்பட்டது. ஆகவே, முன்னும் உண்டு, பின்னும் உண்டு.

அதே 2013இல் ஜாவேரியா ஹாஷ்மி முதலானோர் கண்டது இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. முதுகுவலி வந்து இரண்டு மாதம் ஆனோர்க்கு அவ்வலி, உடல்வலிக்குரிய பகுதிகளில் செயற்பாடாகத் தெரிந்தது. பத்தாண்டுக்கு மேலாக வலியுற்றோர்க்கு அது உணர்ச்சிக்குரிய பகுதிகளில் தெரிந்தது. இருவரும் ‘முதுகு வலிக்கிறது’ என்றே கூறுகின்றனர். அச்சொற்றொடரின் பின்னே நிகழும் மூளைச்செயல் வேறாகிவிட்டது. லெரீஷ் 1937இல் செய்த பிரிப்புக்கு மூளையில் கிடைத்த எதிரொலியாக இதைக் கொள்ளலாம்.

மீண்டும் நீதிமன்றம்

முதுகில் காணவியலாத வலி மூளையில் காணப்பட்டது என்றவுடன் எரிக்சன் காலத்து வழக்குகள் புதுவடிவில் திரும்பின. அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளில் மூளைப் படிமங்கள் வலிக்குச் சான்றாக முன்வைக்கப்படலாயின. நம்பப்படாத நோயாளர்க்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால், இவ்வாய்வுகள் குழுக்களின் சராசரிகளைக் கூறுவன. தனியொருவரின் படத்தைக் கொண்டு அவருக்கு வலி உண்டா இல்லையா எனத் தீர்ப்பளிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. படத்தை ஒருவர்க்குச் சான்றாக ஏற்றால், இயல்பான படமுடைய மற்றொருவர்க்கு அதுவே மறுப்பாகும். வட்டுக்கு நேர்ந்தது மூளைக்கும் நேரும். பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் அமைத்த குழு, கேரன் டேவிஸ் முதன்மையில் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், மூளைப் படிமத்தை வலி குறித்த பொய்யறி கருவியாகப் பயன்படுத்தும் நிலைக்கு அறிவியல் வரவில்லை என்று தெளிவுபடக் கூறியது. அக்கழகம் 2020இல் திருத்திய வலியின் வரையறையும், வலியுறுவதாக ஒருவர் கூறுவது மதிக்கப்படவேண்டும் என்னும் குறிப்பைத் தாங்கியுள்ளது. 2020இல் உலகில் கீழ்முதுகுவலியுற்றோர் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் என்னும் மதிப்பீட்டோடு இதனைச் சேர்த்து நோக்கவேண்டும்; இவர்களுள் மிகப்பெரும்பாலோர் மூளைப் படிமக் கருவியின் அருகே செல்லப்போவதில்லை.

இவ்வாய்வு மரபிலிருந்து தோன்றிய பண்டுவங்களுள் ஒன்று கொலராடோவில் சோதிக்கப்பட்டு 2021இல் வெளியாயிற்று. முதுகில் பெரும்பழுது இல்லாத, மிதமான நாட்பட்ட வலியுடைய 151 பேர் அதில் பங்கேற்றனர். வலி உடற்பழுதின் அடையாளம் அன்று, மூளை பழகிவிட்ட எச்சரிக்கை என்று உணர்த்தி, அச்சத்தைக் குறைக்கும் பயிற்சி ஒரு குழுவினர்க்கு நான்கு வாரம் அளிக்கப்பட்டது. அவர்களுள் 66 விழுக்காட்டினர் வலியற்றோ, ஏறத்தாழ வலியற்றோ இருந்தனர்; போலி ஊசி பெற்றோருள் இந்நிலையடைந்தோர் 20 விழுக்காட்டினர், வழக்கமான பண்டுவம் தொடர்ந்தோருள் 10 விழுக்காட்டினர். தமக்கு எவ்வகைப் பண்டுவம் அளிக்கப்படுகிறது என்பதைப் பயிற்சி பெற்றோர் அறிந்திருந்தனர் என்பதும், பங்கேற்றோர் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடைய வெள்ளையர் என்பதும் இம்முடிவைப் பொதுமைப்படுத்தத் தடையாகும். வலியைத் தூண்டியபோது எழும் மூளைச் செயற்பாட்டில் நேர்ந்த மாற்றங்களும் அவ்வாய்வில் பதிவாயின. ஆனால், 66 விழுக்காடு என்னும் அம்முதன்மை முடிவு எந்தப் படிமத்திலிருந்தும் பெறப்படவில்லை. கடந்த வாரத்து வலியைச் சுழியம் முதல் பத்து வரையிலான அளவில் பங்கேற்றோர் தாமே குறித்துக்கொடுத்த எண்களிலிருந்து பெறப்பட்டது.